பழைய பையா, புதுப் பையா, ஓசிப் பையா?

காட்பாடியில் நான் வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டை உண்டு, கேரம் போர்டு உண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கான கோப்பைகள் உண்டு. கோல்ஃப் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டு யாரும் வந்ததுமில்லை. வேலூர் வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பதே எங்களுக்குப் போதுமான விளையாட்டு. அப்படியிருந்தும் இரண்டு மாதமாக எங்கள் குடும்பத்தில் கோல்ஃபைத் தவிர வேறு பேச்சில்லை.

காரணம் அக்கா மகன். வயது 20. அமெச்சூராக இதுவரை ஆடியது போதும், இனி இதுதான் தொழில் என்று முடிவு செய்து பி.ஜி.டி.ஐ. தகுதிச் சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். 2006ல் தொடங்கிய இந்தத் தொழில்முறைச் சுற்றுதான் இந்தியாவில் கோல்ஃபை வைத்துப் பிழைக்க நினைப்பவர்களுக்கு முதல் வாசல். ஆடத் தெரியுமா என்ற கேள்வியை அவன் பார்த்துக்கொள்வான். எந்தக் கிளப்புகளோடு, அதாவது பந்தடிக்கும் கோல்களோடு, போவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

நான் இதில் வாயைத் திறக்கக் காரணம் உண்டு. பெங்களூரில் 11 வருஷம் கேடியாக இருந்தேன். ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, தூரம் சொல்லி, கிளப் எடுத்துக் கொடுக்கும் வேலை. நம்மூரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டியிருக்கும் ஆள். அதனால் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அம்மா "பையனுக்கு கிளப்புல வேலை" என்று மாற்றிச் சொன்னார். "காபி கிளப்பா, சாப்பாட்டுக் கிளப்பா?" என்று பெண்ணின் தாத்தா கேட்டார். கல்யாணம் எப்படியோ நடந்தது. அக்கா மகன் பள்ளி விடுமுறைக்கெல்லாம் என் அறையில் வந்து தங்கி, நான் பை தூக்கிய மைதானத்திலேயே பந்து பொறுக்கி, திங்கட்கிழமைகளில் கேடிகளுக்கு அனுமதி கிடைக்கும் நேரத்தில் அடிக்கக் கற்றுக்கொண்டான்.

இப்போது அவன் முன்னால் மூன்று பைகள் இருக்கின்றன. முதலாவது, இன்று அவன் தோளில் இருக்கும் பழைய பை. மைதான உறுப்பினர் ஒருவர் அவனுடைய 16 வயதில் கொடுத்த ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) அயர்ன்கள், எங்கெங்கோ வாங்கிய டிரைவரும் (தூர அடிக்கு) வெட்ஜுகளும் (பந்தை உயர்த்திக் கிட்டத்தில் இறக்க). இரண்டாவது, பெங்களூரில் அளவெடுத்து வாங்கும் முழுப் புதுப் பை. மூன்று லட்சத்தைச் சுலபமாகத் தொடும். அக்கா வளையல்களை அடகு வைக்கத் தயாராக இருக்கிறாள். மூன்றாவது, ஒரு பெருநகரக் கடைக்காரர் தருவதாகச் சொல்லும் ஓசிப் பை. 14 கிளப்பும் ஒரே பிராண்டு, தொப்பியில் கடை பெயர், இரண்டு வருஷம் வேறு எதையும் தொடக்கூடாது.

ஓசி என்றதும் அக்கா வீட்டுக்காரர் அந்தப் பக்கம் சாய்ந்தார். அவர் ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறையில் டர்னர். கோல்ஃப் தெரியாது, இரும்பு தெரியும். பையன் முதன்முதலில் அந்த அயர்ன்களைக் கொண்டுவந்தபோது அவர் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இன்னாடா இது, காஸ்டிங்கா ஃபோர்ஜிங்கா?" என்றுதான் கேட்டார்: உருக்கி வார்த்ததா, அடித்துச் செய்ததா என்று. பல லட்சம் செலவழித்து ஆடும் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. உண்மையில் முடிவே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கிளப்புகளில் எண் போட்ட இரும்புத் தலைகளை அயர்ன் என்பார்கள். அதில் இரண்டு ஜாதி. ஒன்று பிளேடு: பின்பக்கம் தட்டையாக, மெல்லிசாக, பெரும்பாலும் மென்மையான கார்பன் எஃகில் அடித்து உருவாக்கியது. மற்றது கேவிட்டி: பின்பக்கத்தைக் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளியது. இந்த இரண்டாவதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற என்ஜினீயர். தன் வீட்டு கராஜில் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) செய்து, அது பந்தில் பட்டபோது எழுந்த சத்தத்தையே பெயராக்கி 1959ல் 'பிங்' பிறந்தது. கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் நீளக் கழி வைத்திருப்பார் அல்லவா? எடை இரு முனைகளுக்கும் பரவியிருப்பதால் கழி சட்டென்று சுழலாது. கேவிட்டி அயர்னும் அப்படித்தான். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் முறுக்கிக்கொள்ளாது; தூரமும் திசையும் ஓரளவு தப்பிக்கும். பிளேடில் ஓரத்தில் பட்டால் பந்து பாதி வழியில் விழும், கை அதிரும். ஆனால் எங்கே பட்டது என்பதைக் கை உடனே சொல்லிவிடும். இவனுடைய பழைய அயர்ன்கள் பிளேடு; நான்கு வருஷமாக அந்த அதிர்வில்தான் இவன் அடி திருந்தியிருக்கிறது.

கடைக்காரர் தரும் செட் கேவிட்டி. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்று பெரிய ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு வகைக் கேவிட்டியைத்தான் ஆடுகிறார்கள். என் ஆட்சேபம் அதன் லாஃப்டில். லாஃப்ட் என்பது முகத்தின் சாய்வு. சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். இவனுடைய பழைய 7ஆம் அயர்ன் 34 டிகிரி. கடைக்காரர் தரும் 7 வெறும் 29. எண் ஒன்று, ஆள் வேறு. பழைய கணக்கில் அது 5ஆம் அயர்னுக்கும் 6ஆம் அயர்னுக்கும் நடுவில் நிற்கும். "பாருங்க, 7லயே 180 யார்டு போகுது" என்று கடையில் அடிக்கச் சொல்லிக் காட்டியபோது பையன் முகம் மலர்ந்தது. பந்து கிரீனில் (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரை) விழுந்த பிறகு எங்கே நிற்கும் என்பதை யாரும் காட்டவில்லை. தொழில்முறைப் போட்டிகளில் கிரீன் சிமென்ட் தரை மாதிரி இறுகியிருக்கும். தாழ்வாக வரும் பந்து விழுந்து ஓடிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே இழுத்துக் கட்டினால் கீழே கால் தெரியும். அந்த செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, இவன் பழகிய சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரிப் பள்ளம். அதை அடைக்க இரண்டு வெட்ஜ் வேண்டும். 14 என்ற எண்ணிக்கையில் இரண்டு இடம் அங்கேயே போய்விடும். இவனுடைய பழைய செட்டில் 47, 52, 56, 60 என்று படிக்கட்டு ஒழுங்காக இருக்கிறது.

14 என்றேன்; ஒரு பையில் அதற்கு மேல் கிளப் இருக்கக்கூடாது, விதி அது. கூடுதலாக ஒன்று இருந்தாலும் ஆடிய ஒவ்வொரு ஹோலுக்கும் (குழி) இரண்டு அடி (ஸ்ட்ரோக்) தண்டனை, அதிகபட்சம் நான்கு. 2001 பிரிட்டிஷ் ஓபன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதல் ஹோலில் பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி பேர்டி (கணக்கிட்டதைவிட ஒரு அடி குறைவு) எடுத்துவிட்டு இரண்டாவது ஹோலின் டீக்கு (அடி தொடங்கும் இடம்) வந்தபோதுதான் அவருடைய கேடி பைக்குள் 15 கிளப் இருப்பதைக் கவனித்தார். பயிற்சிக்கு எடுத்த இரண்டாவது டிரைவரை வெளியே வைக்க மறந்திருந்தார். இரண்டு அடி போனது. அன்று டிவியில் அந்தக் கேடியின் முகத்தைப் பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். நான் பை தூக்கிய காலமெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் இரண்டு தடவை எண்ணுவேன். புதுப் பையும் பழைய பையும் வீட்டில் ஒன்றாகக் கிடக்கும் ஆரம்ப நாட்களில்தான் இந்தத் தவறு நடக்கும்.

சரி, பெரிய ஆட்டக்காரர்கள் கிளப் மாற்றியபோது என்ன நடந்தது? இதற்கு நேரான பதில் கிடையாது, அதனால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரோரி மெக்கில்ராய் 2013 ஜனவரியில் நைக்கிக்கு மாறினார். அப்போது 23 வயதில் இரண்டு மேஜர் (வருஷத்தின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் கையில். புதுப் பையோடு அபுதாபியில் ஆடிய முதல் போட்டியிலேயே கட் தவறினார், அதாவது இரண்டு நாள் முடிவில் ஆட்களைக் குறைக்கும்போது வெளியேறினார். இரண்டாம் நாளே பட்டரை மட்டும் பழையதுக்கு மாற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. மார்ச்சில் ஃபுளோரிடாவில் பாதி ஆட்டத்தில் மைதானத்தை விட்டு நடந்தார். அந்த வருஷம் அவருக்கு மிஞ்சிய ஒரே வெற்றி டிசம்பரில் ஆஸ்திரேலியன் ஓபன். ஆனால் அதே நைக்கி கிளப்புகளோடு 2014ல் பிரிட்டிஷ் ஓபனையும் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும் அடுத்தடுத்து எடுத்தார். கிளப் மோசமில்லை. கை அதற்குப் பழக ஒரு வருஷம் வேண்டியிருந்தது. உலகின் முன்னணி ஆட்டக்காரருக்கு ஒரு வருஷம் வீணாகலாம். தகுதிச் சுற்றில் நிற்கும் காட்பாடிப் பையனுக்கு ஆகாது.

ஜஸ்டின் ரோஸ் கதை இன்னும் கொஞ்சம் கசப்பு. 2019 ஜனவரியில் உலகின் முதலிடத்தில் இருந்தபடியே பல வருஷம் ஆடிய டெய்லர்மேடை விட்டு ஹோன்மாவுக்குப் போனார். அந்த மாதமே டோரி பைன்ஸில் ஜெயித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஆட்டம் மெல்ல இறங்கியது, 2020ல் பிரிந்துவிட்டார்கள்.

மறுபக்கம் ப்ரூக்ஸ் கெப்கா. 2016 ஆகஸ்டில் நைக்கி கிளப் தயாரிப்பையே நிறுத்தியதும் அவர் வேறு கம்பெனியோடு கையெழுத்துப் போடவில்லை. மிசுனோ அயர்ன், டெய்லர்மேட் டிரைவர், டைட்டிலிஸ்ட் வெட்ஜ், உற்பத்தி நின்றுபோன நைக்கியின் ஒரு 3ஆம் அயர்ன் என்று நாலு கடைச் சரக்கைப் பையில் போட்டுக்கொண்டு 2017, 2018 யு.எஸ். ஓபன்களையும் 2018, 2019 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்களையும் ஜெயித்தார். பேட்ரிக் ரீட் 2018ல் மாஸ்டர்ஸ் ஜெயித்தபோதும் ஒப்பந்தம் இல்லாத கலப்புப் பைதான். டைகர் வுட்ஸ் அயர்ன்களை மூன்று கம்பெனிகளுக்கு மாற்றினார். ஆனால் 15 மேஜர்களில் 14ஐ எடுத்தது ஒரே ஸ்காட்டி கேமரன் பட்டரோடு. காசு கொடுத்தவர்களுக்கு விட்டுக்கொடுத்த இடம் எது, கொடுக்காத இடம் எது என்று அந்தப் பையைப் பார்த்தாலே தெரியும்.

வெளிநாட்டுக் கதை போதும் என்பவர்களுக்கு: பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009ல் இந்தியன் ஓபனை ஜெயித்தார். நான் பை தூக்கிய நாட்களில் அவர் பெயரைச் சொல்லாத கேடி கிடையாது. கல்கத்தாவில் மைதானப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌரேசியா 2016, 2017 இரண்டு வருஷமும் அதே பட்டத்தை எடுத்தார். தூரம் அடிப்பவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். கிரீனைச் சுற்றிய நூறு யார்டில் அவர் கை பேசும்.

டிரைவரைப் பற்றிச் சுருக்கமாக. "டிரைவர் மாத்தணும்" என்று பையன் சொன்னபோது பக்கத்து வீட்டு அம்மா, "கார் வாங்கவே இல்ல, அதுக்குள்ள டிரைவரா?" என்று கேட்டார். டிரைவர் என்பது பந்தை முதல் அடியில் ஆகத் தூரம் அனுப்பும் பெரிய தலைக் கிளப். தலையின் கன அளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 2022லிருந்து தொழில்முறைப் போட்டிகளில் நீளத்தை 46 அங்குலத்தோடு கட்டிப்போடவும் விதி வந்துவிட்டது. எல்லாக் கம்பெனியும் விதியின் விளிம்பில்தான் நிற்கின்றன. ஆகவே இரண்டு வருஷப் பழைய டிரைவருக்கும் புதியதுக்கும் பெட்டி மேல் எழுதியிருக்கும் அளவு வித்தியாசம் மைதானத்தில் வராது. ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) ஆளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம். 2021 ஆகஸ்ட் 7 காலை, டோக்கியோ ஒலிம்பிக் கடைசிச் சுற்றைப் பார்க்க, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத என் கடை வாடிக்கையாளர்கள்கூட டிவி முன்னால் நின்றார்கள். அதிதி அசோக் பல போட்டியாளர்களைவிட எவ்வளவோ குறைந்த தூரம் அடித்தும், வெண்கலத்துக்கு ஒரே ஒரு அடியில் தவறி நான்காவது வந்தார். பட்டர்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இவன் பட்டரைத் தொட வேண்டாம். அதில் பேச்சே இல்லை.

வெட்ஜ் விஷயத்தில்தான் பழைய பையின் பக்கம் நின்ற நானே தடுமாறினேன். அவனுடைய 56 டிகிரி வெட்ஜ் 2008ல் தயாரானது. முகத்தில் ஓடும் கோடுகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புல்லுக்குள்ளிருந்து அடிக்கும்போதும் பந்துக்கு அதிகச் சுழற்சி கிடைக்கும். 2010லிருந்து அந்தக் கூர்மைக்கு வரம்பு வைத்துவிட்டார்கள். தொழில்முறைப் போட்டிகளில் பழைய கூர்கோடு வெட்ஜுகள் செல்லாது. அமெச்சூராக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. பழைய செட் வாங்கித் தொழில்முறைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தயாரிப்பு வருஷத்தைத்தான். பளபளப்பெல்லாம் அப்புறம்.

அவன் பங்கர் (மைதானத்து மணல் குழி) அடிக்கக் கற்றதும் சாதாரண இடத்தில் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பாலாற்றில் இறங்கிவிடுவான். சென்னை மைதானம் 130 கிலோமீட்டர் சொச்சம், பெங்களூர் 200ஐத் தாண்டும். தண்ணீரில்லாத ஆறு மட்டும் பக்கத்தில். லாரிக்காரர்கள் அள்ளியது போக மிச்சமிருக்கும் மணல் காய்ந்து, பொலபொலவென்று, கால் புதையும். அதில் வெட்ஜின் அடிப்பக்கம் அகலமாக, பௌன்ஸ் (அடிப்பக்கம் கீழே பிதுங்கும் கோணம்) அதிகமாக இருந்தால்தான் தலை ஆழத்தில் செருகாமல் வழுக்கி வெளியே வரும். அந்த 2008 வெட்ஜ் அதற்கு அருமை. ஆனால் மழை பெய்து இறுகிய பெங்களூர் பங்கரில் அதே பௌன்ஸ் தட்டித் துள்ளி, பந்தின் நடுவயிற்றில் அடித்துக் கிரீனைத் தாண்ட வைக்கும். அவனுக்கு 56ல் அதிக பௌன்ஸும் 60ல் குறைவான பௌன்ஸும் வேண்டும். ஓசிப் பையில் வரும் வெட்ஜுகளில் இந்தத் தேர்வு கிடையாது, வந்ததுதான்.

அயர்ன்களில் ஒரு குறை உண்மை. 16 வயதில் வாங்கிய பிறகு பையன் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான். கிளப்பின் அடிப்பக்கம் தரையில் சமமாக உட்காராமல் நுனி தாழ்ந்து, பந்து வலது பக்கம் சாய்கிறது. புதுப் பை வாங்க வேண்டும் என்பவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். இங்கேதான் அக்கா வீட்டுக்காரரின் முதல் கேள்வி கை கொடுத்தது. ஃபோர்ஜ்டு என்றால் மென்மையான எஃகு. அதற்கென்று உள்ள வைஸில் பிடித்துக் கழுத்தை இரண்டு டிகிரி வளைத்துவிடலாம். காஸ்டிங் எஃகு அவ்வளவு சுலபமாக வளையாது, மீறினால் உடையும். பெங்களூரில் கிளப்புக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிட்டது. தன் பட்டறையிலேயே வளைத்துத் தருவதாக அவர் எவ்வளவோ சொன்னார், கும்பிட்டுத் தடுத்தோம். கிரிப் (கைப்பிடி உறை) மாற்றுவதை மட்டும் அவரிடம் விட்டோம். இரட்டைப் பக்க டேப், கொஞ்சம் தின்னர், ஐந்து நிமிஷம். ஏப்ரல் மேயில் பையைக் கார் டிக்கியில் விட்டு வைத்தால் கிரிப் காய்ந்து வழுக்கும், தலையை ஒட்டிய பசையும் இளகும் என்பதை அவருக்கு நான் சொல்லித்தந்தேன்.

புதுப் பைக்காகப் பேசினால், அளவெடுப்பதன் பயன் பெரியது, மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு, பந்து ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதலாகப் போகும். அங்கே மெஷின் காட்டும் 150 யார்டு சென்னையில் 145 சொச்சம்தான்.

ஆனால் காசு? எங்கள் கணக்கில் ஒரு போட்டி வாரத்துக்கு நுழைவுக் கட்டணம், ரயில், அறை, சாப்பாடு, கேடி கூலி எல்லாம் சேர்த்து 35,000லிருந்து 40,000 ஆகும். மூன்று லட்சம் என்றால் எட்டு வாரம். இரண்டு நாள் முடிவில் ஏறக்குறைய முதல் 50 பேர் மட்டும் மேலே போவார்கள்; மற்றவர்களுக்குச் சம்பளம் பூஜ்யம். முதல் மூன்று போட்டியில் கட் தவறினாலும் நான்காவதுக்கு ரயில் ஏற முடிய வேண்டும். பளபளக்கும் பையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்களை நான் பெங்களூரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக என் தீர்ப்பு: பழைய அயர்ன், பழைய பட்டர், வளைத்துக் கிரிப் மாற்றி அப்படியே. வெட்ஜ் மூன்றும் புதுசு, ஒன்று 15,000க்குக் குறையாது. டிரைவர் தலை அதேதான், ஷாஃப்ட் மட்டும் அளவு பார்த்து. வளையல் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஓசிப் பையை முழுதாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் விளம்பரத்துக்காக இலவசக் கிளப்பும் தொப்பியும் வாங்கினாலே அமெச்சூர் தகுதிக்கு ஆபத்து. 2022ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள், இப்போது வாங்குவதில் குற்றமில்லை. பெரிய சுற்றுகளில் 14க்குப் பதில் 10, 11 கிளப்புக்கு மட்டும் ஒப்பந்தம் போடுவது சகஜம். அதனால் கடைக்காரரிடம் பையனையே பேசச் சொன்னேன்: டிரைவர், வுட் (டிரைவருக்கு அடுத்த தூரக் கிளப்), வெட்ஜ், பந்து உங்களுடையது, அயர்னும் பட்டரும் என்னுடையது. அவர் இரண்டு நாள் கழித்து, "முழு செட் இல்லன்னா தொப்பி மட்டும்தான் தம்பி" என்றார். பையன் தொப்பியை மரியாதையாக வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான். அக்கா வீட்டுக்காரருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெட்ஜுகள் போன வாரம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூவரும் பாலாற்றில் இறங்கினோம். பையன் புது 56ஐ உறையிலிருந்து எடுத்ததும் அவன் அப்பா பிடித்துக்கொண்டார். "ஆத்து மணல்ல போட்டு 15,000 ரூபாயை அரம் போட்டுத் தேய்க்கறியா? அந்தப் பழசை எடு." அவர் சொல்வதில் நியாயம் உண்டு, பருமணல் கோடுகளைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆனால் போட்டிக்குச் செல்லாத வெட்ஜில் பழகிவிட்டு வேறு வெட்ஜோடு போட்டிக்குப் போனால் கை எதை நம்பும்? நான் விடவில்லை, அவரும் விடவில்லை. பையன் இரண்டையும் மணலில் குத்தி நட்டுவிட்டு, நாங்கள் முடிக்கும் வரை கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான்.